ஃபிளெக்ஸில் ஒட்டிய பூங்குழலி

ரெட்டிபாளையம் பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் பார்த்ததும் பூங்குழலி அதன் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ. அதன் நடுவில், அம்பிகாவின் தோளோடு தோள் உரசிக்கொண்டு அவள் நின்றாள். உடம்பு யாருடையதோ, சீருடையில் இருந்தது. தலை மட்டும் போன மாதம் டிவி மேடையில் கோப்பை வாங்கிய தலை. ஜிமிக்கியும் உதட்டுச் சாயமும் அப்படியே. கீழே, ‘எங்கள் உயிர்த்தோழியே வருக! என்றும் உன் நிழலாய் நாங்கள்!’

“எம்பொண்ணு எம்புட்டு லட்சணமா நிக்குறா!” என்று அம்மா செல்வம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தப் போட்டோவ நீ வூட்டுல காட்டவே இல்லையேடி?”

காட்டுவதற்கு அவள் அதில் இருந்தால்தானே!

அப்பா செல்லமுத்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டினார். மகளின் தொண்டையும் முதல் கியரில் மேடேறும் லாரி மாதிரியே கரகரத்தது. ஆறாம் வகுப்பில் ‘லாரி’ என்று பெயர் வைத்தவள் அம்பிகா. பூங்குழலி வகுப்புக்குள் நுழைந்தால், “ஒத்துங்கடி, லோடு வருது!” என்பாள். பெஞ்சில் இடம் வேண்டுமென்றால் வாயால் ஹாரன் அடித்துக் காட்ட வேண்டும். அடிக்காவிட்டால் அவள் இடத்தில் புத்தகப்பை உட்கார்ந்திருக்கும். அவளும் அடித்தாள். அவமானம் வளர வளர ஹாரனும் நன்றாக வளர்ந்தது.

போட்டோ எடுத்த நாளில், ஆசையாகத் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு ஓரமாக வந்து நின்றாள். “ஏய் லாரி, ரிவர்ஸ் போடீ! போட்டோவுல விழுற!” என்றாள் அம்பிகா. மூக்கால் பேசி, கடைசி எழுத்தை ஓர் இழுப்பு இழுத்தாள். பூங்குழலி ஓரடி பின்னால் போனாள். “இன்னும் வரட்டும், வரட்டும்...” முதுகு தண்ணீர்க் குழாயில் முட்டியபோது போட்டோ எடுத்து முடித்துவிட்டார்கள்.

அந்தக் கரகரப்புதான் பின்னாளில் அவளுக்குச் சோறு போட்டது. பாடாலூர் டீக்கடை ஓரம் லோடு லாரியும் காலி லாரியும் நின்று மாமியார் மருமகளாகச் சண்டை போடுவது போல இரண்டு குரலில் பேசி ரீல்ஸ் போட்டாள். ஊர் சிரித்தது, டிவி கூப்பிட்டது. இன்று பஸ் ஸ்டாப்பை ஒட்டிப் பந்தல் போட்டு, பழைய வகுப்புத் தோழிகள் நடத்தும் பாராட்டு விழா. அவள் வந்தது மாலைக்காக அல்ல. ‘நாங்க பண்ணது தப்புடி’ என்று அம்பிகா வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும், அதற்காகத்தான்.

அரியலூரில் பியூட்டி பார்லர் நடத்தும் அம்பிகா, பட்டுப் புடவையில் மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

“இவ தெறமைய மொதல்ல கண்டுபுடிச்சதே நாங்கதாங்க! பேரு வச்சதும் நாங்கதான். டெய்லி ஹாரன் அடிக்கச் சொல்லி டிரெய்னிங் குடுத்ததும் நாங்கதான்!”

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. செல்வம்மாள் கூட நன்றியோடு கும்பிட்டாள். பூங்குழலிக்கு மாலை கழுத்தை அறுத்தது.

“லாரி! லாரி!” என்று கூட்டம் கத்தியது. அதே சத்தம்தான், இப்போது விசிலும் சேர்ந்திருந்தது.

அவள் மைக்கை வாங்கினாள். ஹாரன் அடிக்கவில்லை. மூக்கைச் சுருக்கினாள். “ஏய் லாரி, ரிவர்ஸ் போடீ! போட்டோவுல விழுற! இன்னும் வரட்டும், வரட்டும்...” அந்த இழுப்போடு பேசிக்கொண்டே, குழாயில் முட்டியது வரைக்கும் நடித்துக் காட்டினாள். செல்வம்மாளின் கண் ஃபிளெக்ஸுக்குப் போய்த் திரும்பியது.

எல்லோரையும்விட அம்பிகாதான் அதிகம் சிரித்தாள். “அய்யோ, வயிறு வலிக்குது! யாருடி அது? நம்ம கணக்கு மிஸ்ஸா?”

பூங்குழலி மைக்கை அம்பிகாவிடமே நீட்டினாள். இத்தனை வருடம் அவள் காதைவிட்டுப் போகாத குரல், அதன் சொந்தக்காரிக்கே தெரியவில்லை!

“சரி, செல்ஃபி!” அம்பிகா ஒரு கையில் போனும் இன்னொரு கையில் மைக்குமாக அவளை அணைத்துக்கொண்டாள். பழைய தோழி மலர்கொடியும் ஆசையாக இடையில் தலையை நீட்டினாள்.

“ஏய் மலரு, ரிவர்ஸ் போடீ! போட்டோவுல விழுற!”

மைக் அதை ரெட்டிபாளையம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகு எழுந்த சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது.

“அடிப்பாவி, ஒங்கொரலாடி அது!” என்றாள் மலர்கொடி.

அதிர்ச்சியில் அம்பிகாவின் விரல் போனை அழுத்த, செல்ஃபி விழுந்துவிட்டது. அவள் மைக்கை அணைத்தாள். பார்லர் பூச்சையும் மீறி முகம் வெளுத்திருந்தது.

“நான்... அப்புடியாடி பேசுவேன்?”

“இல்ல. இன்னும் கொஞ்சம் சத்தமா” என்றாள் பூங்குழலி.

அம்பிகா போனைத் தாழ்த்தினாள். மன்னிப்பு வரவில்லை. தலை மட்டும் குனிந்தது.

செல்வம்மாள் மேடையேறி அவள் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தாள். படத்தின் நடுவில் பூங்குழலி நின்றாள், மாலையோடு, வாய்விட்டுச் சிரித்தபடி.

“அந்த ஃபிளெக்ஸக் கழட்டிட்டு இத மாட்டுங்க” என்றாள் செல்வம்மாள். “இதுலதான் தலையும் ஒடம்பும் எம்பொண்ணோடது.”