இறக்கத்தில் வாங்கிய மூச்சு

வெயிலில் வெந்த செம்மண்ணில் வாந்தி விழுந்ததும் எழும் புளித்த வாடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் ஒரு மண் சாலையில், என் அப்பா எடுத்த வாந்தியைக் காலால் மண் தள்ளி மூடியவன் நான்.

அப்பா எங்கள் கடலோர ஊரில், உப்பளம் என்ற பகுதியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டினார். அந்த மண் சாலையில் மேடாகத் தெரியும் ஒரு துண்டு உண்டு. அங்கே வண்டியை விட்டால் யாரும் மிதிக்காமலே மேலே ஏறும். "முனி இழுக்குது" என்பார்கள். அதைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்த தன் சம்பந்தியோடு எங்கள் ரிக்‌ஷாவில் கிளம்பினார். இரண்டு பேருக்கும் கனத்த உடம்பு. மேடு வந்தால் தள்ளுவதற்கு அப்பா என்னையும் கூட்டிப்போனார்.

அந்த இடம் வந்ததும் அப்பா பெடலிலிருந்து காலை எடுத்தார், வண்டி தானாக ஏறியது. இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முனியின் கல்லுக்குக் கற்பூரம் கொளுத்தி, அதன் பக்கத்திலேயே வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்கள்.

திரும்பும்போது அதே துண்டு இறக்கமாகத் தெரிந்தது. அப்பா வண்டியை நிறுத்தி, கொஞ்ச தூரம் நடந்து வந்தால் நல்லது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எறக்கத்துல எவனாவது எறங்கி நடப்பானா? சும்மா உருட்டிக்கினு போய்யா" என்றார் கடைக்காரர். என்னிடம், "நீ என்னத்தடா தள்ளப்போற, ஏறிக் குந்து" என்றார். நானும் அவர்கள் காலடியில் குந்திக்கொண்டேன்.

அப்பா எழுந்து நின்று மிதித்தார். சட்டை முதுகோடு ஒட்டியது, மூச்சு இரைந்தது. "உங்க ஊரு ஆளு நல்லா நடிக்கிறான் சம்பந்தி" என்று பின்னால் சிரிப்பு. என் கண்ணுக்கும் அது இறக்கம்தான். எதற்கு இந்த நடிப்பு என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் துண்டு முடிந்ததும் அப்பா ஓரமாகப் போய்க் குனிந்தார். "சாராயம்" என்று கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அப்பா சாராயத்தை விட்டு அப்போது ஐந்து மாதம். என் தலைமேல் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். மறுபடி குடித்தால் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடுவதாக அம்மா சொல்லியிருந்தாள். கடைக்காரரின் பேச்சு மறுநாளே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. அம்மா அப்பாவைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டாள்.

"உண்மையச் சொல்லு. ஏத்தத்துல மிதிச்சு வாந்தி எடுத்தாரா, எறக்கத்துலயா?"

"எறக்கத்துலதாம்மா."

அன்றைக்கே அவள் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். "குடிக்காமயே குடிகாரன் ஆயிட்டேன், இன்னும் என்னா" என்று அப்பா அந்த வாரமே சாராயக்கடைக்குப் போனார். ஒரு மாதம் கழித்து அம்மா திரும்பி வந்தபோது, அவரால் அதை விட முடியவில்லை. என் படிப்பும் ஐந்தாவதோடு நின்றது.

எண்பதுகளில் மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றும் டிரைசைக்கிள் மிதித்தேன். ஒருநாள் பெயின்ட் டின்களோடு அதே துண்டில், இறக்கம்தானே என்று காலை எடுத்தேன். வண்டி நின்று, பின்னால் உருண்டது. மிதித்தேன். தொடை எரிந்தது, பாதி வழியிலேயே வாயில் உப்புநீர் ஊறியது. சுற்றியிருந்த நிலத்தின் சாய்வு கண்ணை ஏமாற்றியிருக்கிறது. இறக்கமாகத் தெரிந்தது முழுக்க ஏற்றம். அதில் அப்பா மூன்று பேரை இழுத்திருக்கிறார், மூன்றாவது ஆள் நான்.

அவரிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு அன்னிக்கே தெரியும்டா. என்கிட்ட ஏன் சொல்ற? உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார்.

சொல்லவில்லை. எனக்குக் கூச்ச சுபாவம் என்பார்கள். அது கூச்சமில்லை, கோழைத்தனம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அந்த மழைக்காலத்தில் அப்பா செத்துப்போனார்.

போன மாதம், ஆட்டோ ஓட்டும் என் மகனைத் திட்டும்போது அம்மா, "உங்க தாத்தன் எறக்கத்துலயே வாந்தி எடுத்தவன்" என்றாள். அது ஏற்றம் என்று முதல்முறையாக வாய் திறந்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணால பாத்த நீதானடா சொன்ன, எறக்கம்னு."

கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று முதலில் நான் மட்டும் போனேன். மேட்டை வெட்டி லாரியில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் மதில், நடுவே மட்டமான தார்ச்சாலை. முனியின் கல்லும் இல்லை. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் படுக்க வைத்துப் பார்த்தேன். அது எந்தப் பக்கமும் உருளாமல் கிடந்தது.