இரண்டு பூப்பொட்டலங்கள்

கர்நாடகாவா கேரளாவா என்று எங்கள் வீட்டில் எல்லாரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் கோடையில், என் மகளுக்குச் சொல்லத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். ‘தா.’

அவளுக்கு மூன்றரை வயது. படூரில் எங்கள் குடியிருப்பில் அவள் வயதுப் பிள்ளைகள் லிஃப்டுக்குள் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். இவள் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேளம்பாக்கத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி ஆசிரியையிடம் அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். அவர் கற்றுக்கொடுத்த முறை எளிமையானது, செய்வதுதான் கொடுமை. அவளுக்குப் பிடித்த இரண்டு பொருளை முன்னால் வைக்க வேண்டும். “என்ன வேணும்?” என்று கேட்க வேண்டும். அவள் வாயைத் திறந்து கேட்கும்வரை நாமும் கொடுக்கக் கூடாது, அவளும் தானாக எடுக்கக் கூடாது. மாதக்கணக்கில் பிஸ்கட்டையும் பந்தையும் வைத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் அழுவாள். நான் கொடுக்க மாட்டேன்.

மாமல்லபுரத்துக் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாங்காய் விற்கும் பெண் ஒரு கீற்றை நீட்டியபோதும் நான் தடுத்தேன்.

“இருங்கக்கா, அவ கேக்கட்டும்.”

“இன்னாது? பால் குடிக்கிற கொயந்த கேக்கணுமா? நீயெல்லாம் ஒரு தாயா? வாங்க வக்கில்லன்னா சொல்லு, சும்மாவே குடுக்கிறேன்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குனிந்து “என்ன வேணும்?” என்றேன். என் மகள் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்து, “தா” என்றாள். நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். மாங்காய்க்காரி பயந்துபோய் இரண்டாவது கீற்றையும் கொடுத்துவிட்டாள்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் சிறுசேரி ஐடி கம்பெனியில் என் கணவர் இருந்த பிரிவை மூடுகிறார்கள் என்று தெரிந்தது. வேலை வேண்டுமென்றால் பெங்களூருக்குப் போகலாம், அல்லது கொச்சிக்கு. மூன்றாவது வழி இல்லை. வாடகைக்குப் போய்ப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். என் மாமனார் கேட்கவில்லை. வேடந்தாங்கல் பக்கம் அவருக்கு இருந்த நிலத்தை அந்த வருடம்தான் மனை போடுகிறவர்களுக்கு விற்றிருந்தார். அதிலிருந்து அவர் சரியாகத் தூங்கவில்லை.

“வித்த நெலத்துக்குப் பதிலா ஒரு வூடு நிக்கணும். நீங்க எங்க இருக்கப் போறீங்களோ அங்க நிக்கட்டும்” என்றார். அதை மறுத்துப் பேச எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

முதலில் பெங்களூருக்கு வெளியே ஒரு குடியிருப்பைப் பார்க்கப் போனோம். மாதிரி வீட்டில் சமையல் மேடையின் உயரத்தை நான் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் மகள் இல்லை. திறந்திருந்த லிஃப்டுக்குள் போயிருக்கிறாள். மாடி மாடியாக ஓடினோம். கடைசியில் கீழ்த்தளத்தில் ஒரு காவல்காரப் பெண் அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நல்ல பெண். கன்னடத்தில் பெயர் கேட்டாராம், இந்தியில் கேட்டாராம், தெலுங்கிலும் கேட்டாராம். எதற்கும் பதில் இல்லை என்று என் கணவரிடம் இந்தியில் சொன்னார். தமிழ்தான் அவருக்குத் தெரியவில்லை.

காரில் வரும்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. படூரிலேயே தொலைந்திருந்தாலும், யாராவது தமிழிலேயே கேட்டிருந்தாலும், இவள் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாள். அதைக் கணவரிடம் சொல்லவில்லை. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

கொச்சிப் பக்கம் பார்த்த வீடு சிறியது. சுவரில் ஈரம் ஏறியிருந்தது. ஆனால் தெருமுனைக் கடையில் ஒன்று நடந்தது. கடைக்கார அம்மா நேந்திரங்காய் வறுவலை எடைபோட்டுக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்பதற்குள்ளாகவே என் மகள் கண்ணாடியில் கையை வைத்து “தா” என்றாள். அந்த அம்மா உடனே திரும்பி, சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிக் கொடுத்தார். மலையாளத்திலும் அது ‘தா’தான். அவளிடம் இருந்த ஒற்றை வார்த்தை அந்த ஊரில் செல்லுபடியானது.

“கேரளாவே போயிடலாங்க” என்று அன்றைக்கே சொன்னேன்.

“சம்பளம் அங்க குறைச்சல். அந்த வேலையும் எத்தனை நாளைக்கோ. ‘தா’ங்கிற ஒரு வார்த்தைக்காக வீடு வாங்க முடியுமா?”

படித்தவள், ஒரு சிப்ஸ் கடையை வைத்து மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறேன் என்றால் எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆடி பிறப்பதற்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும், ஆடியில் வீட்டுக் காரியம் ஆகாது என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டே போனதும், “இன்னும் இன்னாம்மா யோசன? அம்மன் கிட்டயே கேட்டுடலாம்” என்றார். ஊர்க் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். சிவப்புப் பூ கர்நாடகா, வெள்ளைப் பூ கேரளா. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, குலுக்கி, அம்மன் காலடியில் பூசாரி போடுவார். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்க வேண்டும்.

“ஒண்ணும் தெரியாத கை எடுக்கணும்” என்றார் மாமியார். “நம்ம கொயந்தயே இருக்குதே.”

பொட்டலங்கள் விழுந்தன. என் மகளை முன்னால் நிறுத்தினார்கள். அவள் குனிந்து இரண்டையும் பார்த்தாள். எடுக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

எனக்கு மட்டும்தான் புரிந்தது. இரண்டு பொருளை முன்னால் வைத்தால் கேள்வி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று நான்தான் பழக்கியிருக்கிறேன். அவள் என் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

“எடு கண்ணு, எடு” என்றார் மாமியார்.

“எட்றா செல்லம்” என்றார் என் கணவர்.

“கொயந்த ஏன் இப்பிடி மெரண்டு நிக்குது? பேச்சும் கெடயாது, கையும் நீட்ட மாட்டேங்குது” என்றார் பூசாரி. அவர் தவறாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். பிறகு மாமனாரிடம், “கொயந்த எடுக்கலன்னா உத்தரவு இல்லன்னுதான் அர்த்தம்” என்றார்.

நான் கேட்டிருக்கலாம். “என்ன வேணும்?” என்றால் எடுத்திருப்பாள். ஆனால் எந்த இலையில் எந்தப் பூ என்று எனக்குத் தெரியாது. கேட்காமல் விட்டால் எதுவுமே நடக்காமல் நின்றுபோகுமோ என்றும் ஒரு ஆசை வந்தது. கேளம்பாக்கத்து வகுப்பு, படூர் வீடு, மாங்காய்க்காரி எல்லாம் அப்படியே இருந்துவிடும்.

“உத்தரவு இல்லன்னா விட்டுடலாமே, மாமா” என்றேன்.

கணவர்தான் தாழ்ந்த குரலில், “விட்டுட்டு? வேலைக்கு எங்க போறது?” என்றார்.

கோயில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை மாமியார் கூப்பிட்டார். அவள் ஓடிவந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதே ஓட்டத்தில் திரும்பிப் போனாள். பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். பல நாள் கழித்து அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். என் மகள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். தூக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் ‘தா’ சொல்வதும் குறைந்துவிட்டது. அன்று அத்தனை பேர் கத்தியதாலா, நான் கேட்காமல் நின்றதாலா, தெரியவில்லை. பயிற்சி ஆசிரியை, “சில சமயம் பின்னாடி போவாங்க, திரும்பி வரும். இடம் மாத்தாம இருந்தா நல்லது” என்றார். பிறகு தான் சொன்னதை நினைத்து அவரே சங்கடப்பட்டார்.

பெங்களூர் வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. நேற்று அவளுடைய கவுன்களை எல்லாம் எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் உட்புறமும் எங்கள் தொலைபேசி எண்ணைத் தைக்க உட்கார்ந்தேன். பெயரையும் தைக்கலாம் என்றிருந்தேன். தமிழில் தைத்தால் அங்கே யார் படிப்பார்கள்? கன்னட எழுத்து எனக்குத் தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டெழுத்து தைத்தேன். அது யாருடைய பெயரோ போல இருந்தது, பிரித்துவிட்டேன். எண்ணை மட்டும் விட்டுவைத்தேன்.

அவள் வந்து எதிரே நின்றாள். என் முன்னால் சிவப்பு நூல்கண்டும் நீல நூல்கண்டும் கிடந்தன. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. நீலத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டேன்.