சக்கரத்துக்குள் இரண்டு நிறம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் காரின் சக்கரங்களுக்குள் நான் அடித்த இரண்டு பெயிண்டும் என்ன நிறம் என்று இதில் எங்கேயும் சொல்லப்போவதில்லை. சொன்னால் திருநெல்வேலிக்காரர்கள் மேற்கொண்டு வாசிக்க மாட்டார்கள். என்னையும் என் மனைவியையும் எதிர்வீட்டுக்காரரையும் எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது வெறும் பெயிண்ட். அவர்களுக்காக எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் நிறங்கள் சும்மா இருப்பதில்லை. ஒரு நிறம் தனியாக இருந்தால் சேலை என்றோ சுவர் என்றோ தப்பித்துக்கொள்ளும். குறிப்பிட்ட இரண்டு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் அது ஒரு சாதி. மின்கம்பத்தில் இருக்கும், பாலத்துக் கைப்பிடிச் சுவரில் இருக்கும், பள்ளிக்கூடத்துப் பையன்களின் மணிக்கட்டில் கயிறாக இருக்கும். புதிதாக ஒருவன் வகுப்புக்கு வந்தால் பெயர் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. கையைப் பார்த்தால் போதும். யார் பக்கத்தில் உட்காரலாம், யார் பாட்டிலில் தண்ணீர் குடிக்கலாம், பஸ்ஸில் யாரை இடித்தால் வினை என்பதெல்லாம் அந்தக் கயிற்றிலேயே இருக்கிறது.

என் மனைவி தலைமையாசிரியை. பாளையங்கோட்டையிலிருந்து ஆழ்வார்திருநகரி போகிற வழியில் ஒரு ஊரில் வேலை. வேறு சில இடங்களில் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவார்கள், மறுநாள் பையன் புதுக்கயிற்றோடு வருவான். இவள் வெட்டுவதில்லை. பேசுவாள். பேசிப் பேசி அவனே அவிழ்த்துக் கொண்டுவந்து, அவள் மேசைமேல் இருக்கும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போடவேண்டும். பிளஸ் டூவில் ஒருவன், எல்லாவற்றுக்கும் அவன்தான் தலைவன், வெகுநாள் அவிழ்க்காமல் அடம்பிடித்தான். ஒருநாள் அவன் போட்டான். அவனுக்குப் பின்னால் எந்தப் பக்கத்துப் பையன் என்ற பேதமில்லாமல் மற்றவர்களும் வரிசையாக வந்து போட்டார்கள். வீட்டில் அவள் பேசும் பேச்சில் பாதி அந்த டப்பாவைப் பற்றித்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னைப் பற்றி அவள் அவ்வளவு பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை.

இப்பேர்ப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

நான் ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற ஆண்பிள்ளை வீட்டில் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பான் என்பது பொதுவிதி. மிக்சியைக் கழற்றி, மாட்டத் தெரியாமல் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, சமையலறைக்குள் எனக்கு அனுமதி இல்லாமல் போனது. மிச்சம் இருந்தது கார். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு காரைப் பார்த்தேன். சக்கரத்தின் இடைவெளி வழியாக உள்ளே ஏதோ ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பிரேக் மிதித்தால் சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம், காலிப்பர் என்பார்கள். அதற்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். என் காரைக் குனிந்து பார்த்தேன். துருப்பிடித்து, ஆற்றில் கிடந்து எடுத்த ஆணி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

வீடியோ பார்த்தேன். ஒரு இளைஞன் பாட்டுக்கு நடுவே சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, அடித்து, மாட்டிவிட்டு கட்டைவிரலை உயர்த்தினான். பாட்டு முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவனால் முடிந்தது என்னால் முடியாதா என்ற எண்ணம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு வியாதி.

மனைவி களக்காட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமையாகப் பார்த்து வேலையைத் தொடங்கினேன். ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டுத்தான் நட்டைத் திருகினேன். சக்கரம் நட்டோடு சேர்ந்து சுற்றியது. நட்டைத் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ளவேண்டுமாம், அந்த இளைஞன் பாட்டுச் சத்தத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டான். இறக்கி, தளர்த்தி, மறுபடி தூக்கினேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். உப்புத்தாளால் தேய்த்தேன். தின்னரால் துடைத்தேன். பெயிண்ட் படக்கூடாத இடத்தில் டேப் ஒட்டி, நாளிதழைக் கிழித்துச் சுற்றினேன். ஒரு மந்திரியின் முகம் சரியாக பிரேக் தட்டின்மேல் உட்கார்ந்தது. என் பிரஷ்ஷுக்கு அவர் முதலில் பலியானார்.

முன்சக்கரங்கள் இரண்டையும் முடித்தபோது டப்பாவில் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. வீடியோவில் அவன் மெல்லிசாக மூன்று பூச்சு என்றான். நான் ஒரே பூச்சில் மூன்றையும் அடித்திருந்தேன். என் கார் போன்ற சாதாரணக் கார்களில் பின்சக்கரத்துக்குக் காலிப்பர் கிடையாது, வட்டமாக ஒரு டிரம் இருக்கும். முன்னால் பளிச்சென்றும் பின்னால் துருவாகவும் இருந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? வண்ணார்பேட்டையில் பெயிண்ட் வாங்கிய கடைக்கே மறுபடி ஓடினேன்.

"அந்தக் கலரு சூடு தாங்குறதுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். "இந்தா, இது கெடக்கு. டிரம்முக்கு இத அடிங்க."

"ரெண்டும் சேந்தா நல்லா இருக்குமா?"

அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "சேரக்கூடியதுதான்" என்றார். அதை ஒரு கலைஞனின் ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆக, காரின் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் முன்சக்கரத்துக்குள் ஒரு நிறம், பின்சக்கரத்துக்குள் ஒரு நிறம். இத்தனை வருஷம் இந்த ஊரில் சோறு தின்றவனுக்கு அது என்ன ஜோடி என்று உறைக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் எங்கே வழிந்திருக்கிறது, எங்கே பிரஷ் மயிர் ஒட்டியிருக்கிறது என்பதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு என்னைக் கொண்டாடத் தொடங்கியது. எதிர்வீட்டுக்காரர் குடிவந்த நாளிலிருந்து என்னைப் பார்த்தால் தலையைக்கூட அசைக்காதவர். அன்றைக்குக் காரைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், பிறகு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டார்.

"என்ன வே, இத்தன நாளா ஒண்ணும் தெரியாமப் போச்சே. எதுக்கால இருந்துக்கிட்டே பேசாம இருந்திருக்கோம் பாரும்."

"எல்லாம் நானே அடிச்சதுதான்" என்றேன், அடக்கமாக.

"தைரியம் வேணும்லா. வாசல்ல நிறுத்துறதுக்கே ஒரு தைரியம் வேணும்."

மத்தியானம் அவர் வீட்டிலிருந்து நுங்கு வந்தது. டயருக்குக் காற்றடிக்கப் போனேன். அங்கே நின்ற பையன் எனக்கு முன்னால் நின்ற இரண்டு வண்டிகளை ஒதுக்கச் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டான். ஒரு சாதாரண கைவேலைக்கு ஊரில் இவ்வளவு மரியாதை இருக்கிறதென்றால் நான் வேலைபார்த்த காலத்தையெல்லாம் ஆபீசில் வீணாக்கிவிட்டேனே என்று நிஜமாகவே வருத்தப்பட்டேன். துணி தேய்க்கிறவர் மட்டும் என்றைக்கும் இல்லாத முகத்தோடு, "ரெண்டு நாளாவும் சார்" என்றார். என்றைக்கும் அவருக்கு நான் அண்ணாச்சி. சாராக எப்போது மாறினேன் என்று யோசித்துவிட்டு, அவருக்கு வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மனைவி மழையோடு பொழுது சாய்ந்துதான் வந்தாள். காரைப் பார்க்கவில்லை. வழக்கமாக பஸ்ஸில் போகிறவள், மறுநாள் பள்ளியில் ஏதோ கண்காட்சி என்று அட்டைகளும் மாதிரிகளுமாகக் காரில் ஏற்றிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினாள். நானும் சொல்லவில்லை. அவளாகப் பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தேன்.

சாயங்காலம் கார் வந்து நின்றது. அவள் உள்ளே வரவில்லை. "இங்க வாங்க" என்று வாசலில் இருந்தே கூப்பிட்டாள். போனேன். முன்சக்கரத்தைக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

"காலிப்பர்."

பின்சக்கரத்தைக் காட்டினாள். "இது?"

"டிரம்."

விரலை மறுபடி முன்சக்கரத்துக்குக் கொண்டுபோனாள். நான் அவள் விரல் போன வழியே இரண்டு சக்கரத்தையும் ஒருசேரப் பார்த்தேன். அது என்ன ஜோடி என்றும், எதிர்வீட்டிலிருந்து நுங்கு ஏன் வந்தது என்றும் அப்போதுதான் உறைத்தது.

"பைபாஸ்ல ரெண்டு பைக்குக்காரனுவ கைகாட்டிட்டுப் போறானுவ. நான் யாரோ பழைய பசங்கன்னு நெனச்சு சிரிக்கேன்" என்றாள். "பள்ளிக்கூடத்துல வண்டிய நிறுத்துன உடனே ஒரு கூட்டம். யாரும் ஒண்ணும் சொல்லல. மூணாவது பீரியடுல அவன் வந்து நிக்கான், நம்ம பிளஸ் டூக்காரன். 'டீச்சர், என் கயித்தத் திருப்பித் தாங்க. நீங்க வண்டிக்கே கட்டுவிய, நாங்க கையில கட்டக் கூடாதா'ன்னு கேக்கான்."

"குடுத்திட்டியா?"

"நாளைக்குத் தாறேன்னு சொல்லியிருக்கேன். அவன் எடுத்தா டப்பா காலி. ஒருத்தன் விடாம எடுப்பானுவ."

"தெரியாம நடந்ததுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அவனும் மொதல்ல அப்படித்தான் சொன்னான். கோயில்ல எங்கம்மா கெட்டிவிட்டது, கலரெல்லாம் எனக்குத் தெரியாதுன்னான். நான் நம்புனேனா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, நன்றாக அடித்த பெயிண்ட்டை அழிக்கவேண்டுமே என்றும் இருந்தது. அப்போதே மேலே கறுப்பை அடித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "அங்கன வந்து, அவனுவ முன்னாடி சுரண்டுங்க."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தபோது பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கார் ஜாக்கிமேல் நின்றது. நான் கைலியும் பனியனுமாகக் கீழே உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் மொத்தப் பள்ளிக்கூடமும் சாப்பாட்டுத் தட்டோடு நின்றது. வழியக்கூடாத இடத்தில் வழிந்து, ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டாமல் என்னை அன்றைக்கு அழவைத்த அதே பெயிண்ட், இப்போது வராமல் அழவைத்தது. வாழ்க்கையில் நான் உருப்படியாக ஒட்டவைத்த ஒரே விஷயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"சார், அப்படி இல்ல. பெயிண்ட் எடுக்குற மருந்த ஊத்திட்டு ஊற விடணும்" என்றான் ஒருவன். "கொறட்டால நெம்பிராதிய, ரப்பரு கிழிஞ்சிரும்" என்றான் இன்னொருவன். தாமிரபரணிக் கரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பைக் பிரிக்கத் தெரிந்திருந்தது. கடைசியில் ஒருவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து கம்பி பிரஷ்ஷை வாங்கினான். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. இவன்தான் அந்தப் பிளஸ் டூக்காரன் என்று எனக்கு அவள் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நன்றாகத் தேய்த்தான். நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். முன்னால் இரண்டும் முடிந்து பின்சக்கரத்துக்கு வந்தபோது தலையைத் தூக்காமலே கேட்டான்.

"தெரியாமத்தான் அடிச்சியளா சார்?"

"ஆமா."

"ரெண்டு கலரும் தெரியாமயா?"

"ஒண்ணு தீந்துபோச்சு."

என்னை உற்றுப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு கூறுகெட்டவன் ஒருவன் உலகத்தில் இருக்கமுடியும் என்பதை என் முகத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டான் போலிருக்கிறது. கடைசித் துணுக்கும் போய் டிரம்மில் வெறும் இரும்பு தெரிந்ததும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். வராந்தாவில் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி நின்றாள்.

"எடுத்துக்கிடுதியா?" என்றாள்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றான். அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "டீச்சர் பொய் சொல்லல, இப்பத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கைகழுவப் போய்விட்டான். மற்றவர்களும் கலைந்துபோனார்கள். யாரும் டப்பாவைக் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள்தான் ஓட்டினாள். ஒரு பெரிய யுத்தத்தை ஜெயித்துக் கொடுத்தவன் மாதிரி நான் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வாழைத் தோட்டங்களைத் தாண்டியபோதுதான் எனக்கு அது மறுபடி ஞாபகம் வந்தது.

"நீ பொய் சொல்லலன்னு அவன் எதுக்குச் சொன்னான்? அவன்கிட்ட என்ன சொன்ன?"

அவள் கியரை மாற்றினாள்.

"எத்தனையோ பேசிப் பாத்தேன்" என்றாள். "எதுக்கும் மசியல. ஒரு நாளு அவன் என்னையக் கேட்டான், நீங்க எந்த ஆளு டீச்சர்னு."

"நீ?"

"உங்க ஆளுதாம்லே, நான் சொன்னாக் கேக்க மாட்டியான்னேன். மறுநாளு கழட்டிட்டு வந்துட்டான். வண்டியில வேற ஆளு கலரப் பாக்கவும், நான் ஏமாத்திட்டேன்னு நெனச்சிட்டான்."

எதிரே ஒரு எருமை நிதானமாகச் சாலைக்குள் வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். பெயிண்ட் இல்லாத பிரேக் நன்றாகவே பிடித்தது. அது கடந்து போன பிறகு முதல் கியரைப் போட்டாள்.