முதல் மிதி

திம்புள்ளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பழைய துரை பங்களா ஹோட்டலானபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த யூஜினாவுக்கு அங்கே வேலை கிடைத்தது. திராட்சைக் கொடி வளர்க்க வேண்டும். அதற்கு முன் வைத்த கொடிகளெல்லாம் மழையிலும் பனியிலும் பூஞ்சை பிடித்துச் செத்திருந்தன. ஹோட்டல் முதலாளி விடுவாரா? குளிர்நாட்டுக் காட்டுத் திராட்சையையும் வைன் திராட்சையையும் கலந்து உண்டாக்கிய இனமொன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். தோல் கறுப்பு, சதையும் சிவப்பு. தொட்டால் சாயம் ஒரு வாரம் போகாது.

அந்தக் கலப்புக் கொடிக்கு நோயைத் தாங்கத் தெரிந்தது, காய்க்கத்தான் தெரியவில்லை. இலை உதிர்த்து உறங்க இங்கே அதற்கேற்ற குளிர்காலம் இல்லை. அந்த உறக்கத்துக்குப் பதிலாக யூஜினா இலை முழுவதையும் கையால் உருவிவிட்டு, தேயிலையைப்போலக் கிளைகளைக் குறுக்கிக் கவ்வாத்து வெட்டினாள். மூன்றாம் வருடம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அறுவடை விழாவில் யூஜினாதான் முதலில் தொட்டியில் இறங்கி வைனுக்குப் பழம் மிதிப்பாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வாய்ச் சொல்லுக்கு என்ன செலவு?

அவள் நம்பினாள், பாவம். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் முழுக்கச் சொன்னாள். புருஷன் செத்த பிறகு எந்த நல்ல காரியத்துக்கும் அவளை யாரும் முன்னால் நிறுத்தியதில்லை. அதனால் இந்த முதல் மிதி அவளுக்கு உயிராகிவிட்டது. அடுத்த காம்பரா வீட்டு அழகம்மா மட்டும் நம்பாமல் சிரித்தாள்.

விழாவன்று கொழும்பு விருந்தாளிகள் சுற்றி நிற்க, யூஜினா செருப்பைக் கழற்றினாள். அட்டை கடித்த தழும்பு, மலையேறி மலையேறி வந்த பித்தவெடிப்பு. அந்தக் கால்களை முதலாளி அன்றுதான் பார்த்தார். ஒரு பெண் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். யூஜினாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சிரிப்பு தெரியும்.

முதலாளி குரலைக்கூட உயர்த்தவில்லை. “யூஜினா, நீ விடு. அந்த மிஸ் எறங்கட்டும். நீ தண்ணி கொண்டாந்து அவங்க காலக் கழுவிவிடு.”

கழுவினாள். வேறென்ன செய்வாள்? மண்டியிட்டு, விரலிடுக்குகூட விடாமல் கழுவினாள். கைதட்டல் அவள் தலைக்கு மேலே கேட்டது.

இத்தனைக்கும் மிதித்த பழத்தை வைனுக்கு எடுக்கவேயில்லை. அதற்கு மெஷின் இருந்தது. காட்சிக்கு மிதித்ததைச் சமையலறைக்குப் பின்னால் கொட்டியிருந்தார்கள். வேலை முடிந்ததும் யூஜினா அந்தக் குவியலில் ஏறி நின்று, கணுக்கால்வரை சிவக்கும் மட்டும் மிதித்தாள். பிறகு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள்.

வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவள் காலைக் காட்டினாள்.

“பாத்தீங்களா? மொதல்ல நாந்தான் மிதிச்சேன்.”

அழகம்மா போனை நீட்டினாள். ஹோட்டல்காரர்கள் போட்டிருந்த வீடியோ அதில் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப இதுல கால் கழுவுறது யாருடி?”

அந்தச் சாயம்தான் லேசில் போகாதே. ஒரு வாரம் முழுக்க யூஜினா அந்தச் சிவந்த கால்களோடுதான் லயத்து வாசல்களைக் கடந்து வேலைக்குப் போய்வந்தாள்.