பிளாட்வென் எழுதிய எதுகையில்லாப் பாட்டு

பென்சில்வேனியாவில் எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊரில் வேல்ஸ் நாட்டிலிருந்து குடியேறியவர்களில் பாட்டு எழுதாதவன் கிடையாது. மலை, நிலா, சொர்க்கம் என்று எதுகை மட்டும் கணீரென்று விழும். பக்கத்து வீட்டு பிளாட்வென் சிறுமியாக இருந்தபோதே பட்டுநூல் ஆலை வேலைக்குப் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு சுரங்கத்து ஆட்களின் துணி வெளுத்தாள். நூலகத்துக்கு சிகாகோவிலிருந்து வரும் கவிதைப் பத்திரிகையைப் படித்து அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

"ஆலை, சாக்கடை, வேலை போனவன், எல்லாத்தையும் எழுதுறாங்கடி. பேசுற மாதிரியே இருக்கு," என்பாள்.

"அதுக்குப் பேசிட்டே போகலாமே, எதுக்கு எழுதணும்?" என்பேன்.

அந்த வருஷம் சுரங்கக் கூரை இடிந்து அவள் தம்பி ரீஸும், கரிவண்டி இழுக்க அவன் ஓட்டிய கோவேறு கழுதையும் செத்தார்கள். பிளாட்வென் அதை எழுதி எங்கள் ஊரில் வருஷந்தோறும் நடக்கும் கவிப்போட்டிக்கு அனுப்பிவிட்டாள்.

போட்டிக்குப் புனைபெயரில்தான் அனுப்ப வேண்டும். பரிசுப் பாட்டை வாசித்துவிட்டு நடுவர் அந்தப் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். ஜெயித்தவர் எழுந்து நின்றால்தான் ஆள் யாரென்று தெரியும். எழாவிட்டால் பரிசும் கிடையாது, பாட்டுக்குச் சொந்தக்காரரும் கிடையாது. இவளாவது ஜெயிப்பதாவது என்று அவள் கணவன் எம்லின் சும்மா இருந்துவிட்டான். அவர்கள் குடியிருந்தது சுரங்கக் கம்பெனி கொடுத்த வீட்டில். போட்டியன்று கம்பெனி மேலாளரோ மேடையில் நடு நாற்காலியில் இருந்தார்.

"எதுகை இல்ல, அளவு இல்ல. தூக்கிப் போடத்தான் எடுத்தேன். முடியல. பரிசு இதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு நடுவர் வாசித்தார்:

கூரை விழுந்தது.
கழுதைக்கு என்ன ஆச்சு என்று கம்பெனி கேட்டது.
செத்துப்போச்சு என்றோம்.
சாயங்காலமே புதுக் கழுதை வந்தது.
அவன் சட்டை
கொடியிலேயே கிடக்கிறது.

நாங்கள் அன்றாடம் பேசும் சொற்கள்தான். அவற்றுக்குள் இவ்வளவு பலம் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேலாளரின் முகம் சுண்டிவிட்டது.

"கரித்தூள்," என்று நடுவர் அவளுடைய புனைபெயரைக் கூப்பிட்டார்.

மடியில் குழந்தையோடு பிளாட்வென் அசைந்தாள். எம்லின் அவள் முழங்கையை அழுத்தினான்.

"வேணாம்டி. வீடு போயிரும். இந்தப் பனியில கொழந்தைய எங்க தூக்கிட்டுப் போறது?"

"கரித்தூள்."

மேலாளர் வரிசை வரிசையாக எங்கள் முகங்களைக் கண்ணால் துழாவினார்.

"ரீஸுக்குன்னு சொல்ல வேற யாரு இருக்கா?" என்றாள் பிளாட்வென், அவனைப் பார்க்காமலேயே.

எம்லின் அவள் முழங்கையிலிருந்து கையை எடுத்தான். நடுவர் கடைசி முறையாக வாயைத் திறந்தபோது, அவளிடம் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"கொழந்தைய இங்க குடு. நீ எந்திரி."