இடம் மாற்றி வைத்த இரண்டு படங்கள்

என் அக்காவின் வீடு ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது என்று ஒரு நாள் காலை முழுக்க நம்பினேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் மூச்சுவாங்க ஏறிப்போய்ச் சாப்பிட்ட வீடு அது. என் முழங்காலைக் கேட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருக்கும்.

எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில் மண்சரிவுகளை வரைபடத்தில் ஏற்றும் வேலை எனக்கு. விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை அருகருகே வைத்து, இரட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலை எழும்பி நிற்கும். பழைய படங்களில் இல்லாத சரிவு புதியவற்றில் தெரிந்தால் சிவப்புப் பென்சிலால் குறிக்க வேண்டும். அன்று பெருமாள்மலைப் பக்கத்துப் படங்கள். அக்கா வீடு ஆழத்தில் கிடந்தது. அதற்குச் சற்று மேலே வெள்ளையாக ஒரு புதுச் சரிவு. வெளியே விடாத மழை. பென்சிலைப் போட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடித்தேன்.

"வெரசா கெளம்புங்க, மலை வருது" என்றேன் வாசலிலேயே.

"மலை எங்கடா வரும், நீதான் வருவே, சோத்து நேரத்துக்கு" என்றாள் அக்கா.

ஆனாலும் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். டிரங்குப் பெட்டியோடு எல்லோரையும் கீழே இறக்கி, பஸ் நிற்கும் வளைவில் நிறுத்தினேன். படத்தில் அந்த இடம் நல்ல மேடாகத் தெரிந்திருந்தது. சேற்றுத் தண்ணீர் எங்கள் காலைச் சுற்றி ஓடியது. அதையும் மீறி, படத்தில் வீடுதான் பள்ளம், இது மேடு என்று நான் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, அந்தப் படத்துல நான் தெரிஞ்சனா?" என்றார் மச்சான், தலையில் பெட்டியோடு.

அக்கா சிரிக்கவில்லை. "ஏலே, இம்புட்டு தூரம் எறங்கி வந்துருக்கோம். அப்ப வீடு எப்பிடிடா பள்ளத்துல கெடக்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடப்பக்கத்துப் படத்தை வலப்பக்கம் வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் மேடு பள்ளமாகத் தெரியும், பள்ளம் மேடாகத் தெரியும். நாங்கள் நிற்பதுதான் பள்ளம். வெள்ளைச் சரிவு வீட்டுக்குக் கீழே, எங்கள் தலைக்கு நேர் மேலே.

மச்சான் தலையிலிருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடினேன்.

"இப்ப எதுக்குடா திரும்ப ஏறுறே?" என்று திட்டிக்கொண்டே, பெட்டிக்காகவாவது எல்லோரும் பின்னால் வந்தார்கள்.

வீட்டுக்குள் பெட்டியை இறக்கும்போது கீழே சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். பஸ் நிற்கும் வளைவு இருந்த இடத்தில் ரோடு இல்லை.