யானையாகிப்போன பசு

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், வவுனியா இன்ரநெற் கடையொன்றில் இருந்து, சித்திரக்கதை வரைய உதவும் இணையத்தளங்களை நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றில் பேச்சுக் குமிழ்கள் அழகு. இன்னொன்றில் மற்றவர்களுக்கு அனுப்புவது சுலபம். பல மாதமாகியும் ஒரு கட்டம்கூட வரையவில்லை. ஆனாலும் என்னை ஓவியனென்றே நினைத்திருந்தேன்.

பக்கத்துக் கதிரையில் ஒரு அக்கா வந்து அமர்வார். மௌஸை இரண்டு கையாலும் பிடித்து, வீட்டில் நடக்கும் புதினங்களைக் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டார் நாட்டில் வேலைசெய்த கணவருக்கு அனுப்புவார். "எழுதினால் அவர் வாசிக்கமாட்டார். படமெண்டால் பாப்பார்," என்றார்.

ஒருநாள் என் தள விளக்கங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நாங்கள் பசு வாங்கினனாங்கள். அதைக் கீறித் தாங்கோவன்," என்றார்.

கீறினேன். கொம்பு கீழிறங்கி, கால்கள் தூணாகிவிட்டன. அவர் அப்படியே அனுப்பினார்.

அடுத்த கிழமை சொன்னார்: "வீட்டு வளவுக்க யானை வந்ததோ எண்டு அவர் பதறிப்போய் போன் எடுத்தவர்."

எனக்கு முகம் சுருங்கியது. "நீங்கள் என்ன சொன்னனீங்கள், அக்கா?"

"ஓம் எண்டனான். இப்ப ஒவ்வொரு நாளும் போன் எடுக்கிறார்."

அந்த யானையை அக்கா எப்போது துரத்தினாரோ, எனக்குத் தெரியாது. என் சித்திரத்தை முழுமனதாக நம்பிய ஒரே வாசகர் அந்தக் கணவர்தான்.